சி நிரலிலிருந்து வெளி நிரல்களை வரிசையாக ஓட்ட: சிஸ்டமா, ஃபோர்க்கா, ஸ்பானா?

புதிதாக சி பழகுகிறவர்களின் கோடில் நான் அடிக்கடி பார்ப்பது இது. மூன்று வெளி நிரல்களை வரிசையாக ஓட்ட வேண்டும் என்று மூன்று எக்செக்எல்() வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருப்பார்கள். முதல் நிரல் ஒழுங்காக ஓடும். மற்ற இரண்டும் ஓடவே ஓடாது, பிழைச்செய்தியும் வராது. கம்பைலரைச் சந்தேகப்படுவார்கள், கோப்புப் பாதையைச் சந்தேகப்படுவார்கள். கோளாறு அங்கே இல்லை. எக்செக் குடும்பத்து ஃபங்ஷன் எதுவானாலும், தன்னைக் கூப்பிட்ட நிரலையே நினைவகத்திலிருந்து காலி செய்துவிட்டு அந்த இடத்தில் புது நிரலைக் குடிவைக்கிறது. வீடே கைமாறிவிட்டது. பழைய குடித்தனக்காரர் எழுதிவைத்த இரண்டாம் வரியைப் படிக்க அங்கே ஆள் இல்லை.

ஆகவே வரிசையாக ஓட்டுவதென்றால், ஒரு குழந்தை ப்ராசஸை (நம் நிரலிலிருந்து பிறந்து தனியாக ஓடும் நிரலை) பிறப்பித்து, அது முடியும்வரை காத்திருந்து, எப்படி முடிந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். லினக்ஸிலும் மற்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களிலும் இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: சிஸ்டம்(), பிஓப்பன்(), ஃபோர்க்-எக்செக்-வெயிட்பிட் மூவர் கூட்டணி, போசிக்ஸ்_ஸ்பான்(). எதை எடுப்பது என்று கேட்டால், எது எளிது, எது வேகம் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் பதில் கிடைக்கிறது. நிரலைத் தொடங்கிவிடுவது எந்த வழியிலும் பெரிய சிரமமில்லை. முந்தைய நிரல் எப்படி முடிந்தது என்ற செய்தி எவ்வளவு சுத்தமாக நம் கைக்கு வருகிறது என்பதில்தான் இவை நான்கும் பிரிகின்றன. நான் அதை வைத்துத்தான் தேர்வு செய்கிறேன். இங்கே ஒப்பிடப்போவதும் அதை வைத்துத்தான்.

கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். பழைய அச்சுத் தாள்களை ஸ்கேன் செய்து, தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கும் சிறு நிரல் ஒன்றை சி-யில் எழுதிப் பராமரிக்கிறேன். கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைகள், விலைப்பட்டியல்கள், விழா மலர்கள் மாதிரியானவை. ஸ்கேனரோடு பேசும் சேன் நூலகத்தின் இடைமுகம் சி-யில் இருப்பதால் நிரலும் சி-யில் அமைந்தது. ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் ஆனதும் முதலில் அன்பேப்பர் ஓட வேண்டும். அது பக்கத்தின் சாய்வை நிமிர்த்தி, ஓரத்துக் கருமையைத் துடைக்கும். அடுத்து டெசராக்ட், தமிழ் மொழித் தரவோடு. அது எழுத்துகளை அடையாளம் கண்டு, அந்தப் பக்கத்துக்கான பிடிஎஃபைத் தரும். எல்லாப் பக்கமும் முடிந்தபின் பிடிஎஃப்யுனைட், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்க்கும். ஒரு மலர் 200 பக்கம் என்றால் 400 முறை வெளி நிரல் ஓடும், கடைசியில் ஒரு முறை ஒட்டுவேலை.

ஒப்பீட்டுக்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் சி நிரல் மற்ற நிரல்களை வரிசையாக ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையா? அப்படியானால் அதை ஷெல் (டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்டாக எழுதிவிடுங்கள். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே இரட்டை ஆம்பர்சண்ட் போட்டால் முன்னது வென்றால்தான் பின்னது ஓடும். அந்த வேலைக்கென்றே பிறந்தது ஷெல். சி-யில் நாற்பது வரியில் எழுதுவதை அங்கே நான்கு வரியில் முடிக்கலாம்.

சிஸ்டம்(): ஒரு வரியில் முடியும் வேலை

கோப்புப் பெயர்களை எஸ்என்பிரிண்ட்எஃப் வைத்து ஒரு சரத்தில் கோத்து, சிஸ்டத்திடம் கொடுத்தால் போதும். அது ஷெல்லை எழுப்பி, அந்தச் சரத்தை ஓட்டச் சொல்லி, முடியும்வரை காத்திருந்து, முடிவு நிலையோடு திரும்பி வருகிறது. சி மொழித் தரத்திலேயே இருப்பதால் விண்டோஸிலும் உண்டு. என் நிரலின் முதல் வடிவம் முழுக்க இதில்தான் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் எழுதினேன், முதல் நாளே வேலை செய்தது.

பிறகு "அரிசி & பருப்பு விலை 1962" என்று பெயரிட்ட கோப்பு ஒன்று வந்தது. ஷெல்லுக்கு ஆம்பர்சண்ட் என்றால், அதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓடவிட்டு அடுத்த கட்டளைக்குப் போ என்று பொருள். அது அன்பேப்பரை "அரிசி" என்ற கோப்பின் மேல் பின்னணியில் ஏவிவிட்டு, "பருப்பு" என்றொரு நிரலைத் தேடப் போனது. திரையில் "பருப்பு: நாட் ஃபவுண்ட்" என்று வந்து நின்றது. இதில் கவனிக்க வேண்டியது, கட்டளை தவறியது மட்டுமில்லை, வரிசையும் உடைந்துவிட்டது. பின்னணிக்குப் போன முதல் பாதி முடிந்ததா இல்லையா என்று தெரியாமலே சிஸ்டம் திரும்பி வந்துவிட்டது. அது கொண்டுவந்த முடிவு நிலையும் இரண்டாம் பாதியுடையது.

மேற்கோள் குறி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் ஆம்பர்சண்ட், இடைவெளி, அடைப்புக்குறி எல்லாம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் பெயருக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் இருந்தால், அந்த இடத்தில் மேற்கோளை மூடி, தப்பிப்புக் குறியோடு ஒரு மேற்கோள் போட்டு, மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும், ஒவ்வொரு இடத்திலும், மறக்காமல். ஓரிடத்தில் மறந்தாலும், கோப்புக்குப் பெயர் வைக்கிறவர் உங்கள் கணினியில் கட்டளை ஓட்டலாம். பெயரில் ஒரு அரைப்புள்ளியும் அதன்பின் கோப்புகளை அழிக்கும் கட்டளையும் இருந்தால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். 2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் குறை இன்னொன்றையும் காட்டியது: கட்டளைச் சரம் சுத்தமாக இருந்தாலும், சூழல் மாறிகள் வழியாக பாஷ் ஷெல்லுக்குள் வேறு கட்டளையைப் புகுத்த முடிந்தது. நடுவில் ஷெல் என்றொருவர் இருப்பதே ஒரு கூடுதல் வாசல்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற நமக்கு இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட். "கூட்டுறவு" என்ற சொல் பார்க்க ஐந்தெழுத்து. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே கணக்காவதால் 9 புள்ளிகள், 27 பைட். கட்டளையைக் கோக்க 256 பைட் போதும் என்று ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து ஒதுக்கியிருந்தால், தமிழ்ப் பெயரில் உள்ளீடு ஒன்று, வெளியீடு ஒன்று என்று இரண்டு பாதை வந்ததும் இடம் தீர்ந்துவிடும். எஸ்என்பிரிண்ட்எஃப் சரத்தை அமைதியாக வெட்டிவிடும். தேவைப்பட்ட நீளத்தைத் திருப்பித் தருகிறதுதான். அதைச் சோதிக்கிறவர்கள் மிகக் குறைவு. வெட்டுப்பட்ட கட்டளையும் ஒரு கட்டளைதான், ஓடும். வேறேதோ பெயரில் வெளியீடு எழுதிவிட்டு, வெற்றி என்று 0 திருப்பும்.

256 எப்படி 0 ஆனது

சிஸ்டம் விஷயத்தில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

டெசராக்ட் தவறினால் 1 என்ற எண்ணோடு வெளியேறும். ஆனால் சிஸ்டம் உங்களிடம் தருவது 1 ஆக இருக்காது, 256 ஆக இருக்கும். அது தருவது வெளியேறும் எண்ணை நேரடியாக அல்ல. வெயிட் அழைப்பு தரும் நிலைச்சொல்லை. லினக்ஸில் அதன் கீழ் பிட்டுகளில் எந்த சிக்னலால் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் அனுப்பும் அறிவிப்பால்) இறந்தது என்ற தகவல், அதற்கு மேல் உள்ள 8 பிட்டுகளில் வெளியேறும் எண். 1 என்பது எட்டு இடம் நகர்ந்தால் 256.

என் நிரலில் ஒரு சிறு துணை நிரல் இருந்தது. அதன் மெயின் ஃபங்ஷனின் கடைசி வரி, சிஸ்டம் தந்ததை அப்படியே ரிட்டர்ன் செய்தது. பார்க்க நியாயமான வரி. ஆனால் மெயின் திருப்பும் எண்ணில் கீழ் 8 பிட் மட்டுமே வெளியே போகும். 256-இன் கீழ் 8 பிட் என்ன? பூஜ்யம். உள்ளே தோல்வி, வெளியே வெற்றி. புதிய கணினி ஒன்றில் தமிழ் மொழித் தரவுக் கோப்பை நிறுவ மறந்திருந்தேன். டெசராக்ட் ஒவ்வொரு பக்கத்துக்கும் மொழியை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி 1 திருப்பியது. துணை நிரல் ஒவ்வொரு முறையும் 0 திருப்பியது. மேலே இருந்து எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிய மேக் கோப்பு எல்லாம் நலம் என்று நம்பி, 200 பக்கமும் கடந்து, கடைசியில் பிடிஎஃப்யுனைட் கோப்பைக் காணோம் என்று சொன்னபோதுதான் விழித்துக்கொண்டது. இரவு முழுக்க ஓடிய வேலை.

நிலைச்சொல்லைப் பிரித்தறிய மேக்ரோக்கள் இருக்கின்றன. டபிள்யூஇஃப்எக்ஸிட்டட் என்பது தானாக வெளியேறியதா என்று சொல்லும். ஆம் என்றால் டபிள்யூஎக்ஸிட்ஸ்டேட்டஸ் எண்ணைத் தரும். டபிள்யூஇஃப்சிக்னல்ட் சிக்னலால் இறந்ததா என்று சொல்லும். சிஸ்டத்திலும் இவற்றையே பயன்படுத்த வேண்டும். ஆனாலும் ஒரு கலங்கல் தீராது. எண் 127 வந்தால் ஷெல்லே ஓடவில்லையா, ஷெல் ஓடி நிரலைக் காணவில்லையா, நிரல் ஓடித் தானே 127 தந்ததா என்று சொல்ல வழியில்லை. சிக்னலால் இறந்த நிரலைச் சில நேரம் ஷெல் 128 கூட்டி ஒரு சாதாரண எண்ணாக்கித் தரும். சில நேரம் நிரலின் சாவு நேராகத் தெரியும். எந்த ஷெல், எப்படி எழுதிய கட்டளை என்பதைப் பொறுத்தது.

கன்ட்ரோல்-சி கதையும் இதோடு சேர்ந்ததே. சிஸ்டம் காத்திருக்கும் நேரத்தில், கூப்பிட்ட நிரலில் குறுக்கீட்டு சிக்னல் புறக்கணிக்கப்படுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரமே அப்படித்தான் வகுத்திருக்கிறது. ஒற்றைக் கட்டளைக்கு அது சரி: ஓர் எடிட்டரை ஓட்டுகிறோம், பயனர் அதற்குள் கன்ட்ரோல்-சி அழுத்துகிறார், தாய் நிரல் சாகக் கூடாது. 200 பக்கச் சுற்றுக்குள் அதுவே தொல்லை. கன்ட்ரோல்-சி அழுத்தினால் அந்தப் பக்கத்து டெசராக்ட் மட்டும் சாகும். சுற்று நிதானமாக அடுத்த பக்கத்துக்குப் போகும். நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொரு சிஸ்டம் அழைப்புக்குப் பின்னும், குறுக்கீட்டால் இறந்ததா என்று நிலைச்சொல்லைப் பார்த்து நாமே சுற்றை உடைக்க வேண்டும். ஷெல் 130 என்று மாற்றித் தந்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் சிஸ்டத்தை நான் வெறுக்கவில்லை. கட்டளை முழுவதும் நீங்களே நிரலில் எழுதிய மாறாச் சரம், வெளியிலிருந்து ஓர் எழுத்தும் உள்ளே வரவில்லை, தவறினால் அதோடு நிறுத்திவிடலாம் என்றால், தாராளமாகப் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து ஒரு கோப்புப் பெயர் உள்ளே வந்ததும் விட்டுவிடுங்கள்.

பிஓப்பன்(): வெளியீட்டைப் படிக்க வேண்டுமானால்

இதுவும் ஷெல் வழியேதான் போகிறது. ஆகவே மேற்கோள் சங்கடங்கள் அத்தனையும் இதற்கும் உண்டு. கூடுதலாகக் கிடைப்பது ஒரு பைப். ஓடும் நிரலின் வெளியீட்டைச் சாதாரணக் கோப்பைப் போலப் படிக்கலாம், முடிந்ததும் பிகுளோஸ்() முடிவு நிலையைத் தரும். படிக்கவோ எழுதவோ ஏதாவது ஒன்றுதான், இரண்டும் கூடாது.

என் நிரலில் இதற்கு ஒரே ஓர் இடம் உண்டு. தொடக்கத்தில் டெசராக்டிடம் என்னென்ன மொழிகள் நிறுவியிருக்கின்றன என்று கேட்டு, பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்க்கிறேன். மாறாச் சரம், சின்ன வெளியீடு, ஒரே முறை. பட்டியலும் பிழைச்செய்திகளும் ஒரே ஓடையில் வர ஷெல்லின் திருப்பிவிடும் குறியையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சோதனையை முதலிலேயே வைத்திருந்தால், மேலே சொன்ன இரவு வீணாகியிருக்காது.

ஃபோர்க், எக்செக், வெயிட்பிட்

இங்கே ஷெல் இல்லை. ஃபோர்க் ஒரு ப்ராசஸை இரண்டாக்குகிறது. குழந்தைப் பக்கம் எக்செக் செய்கிறது. தாய்ப் பக்கம் வெயிட்பிட் செய்கிறது. நிரலுக்கான வாதங்களை ஒரு சுட்டி வரிசையாகக் கொடுக்கிறோம், கடைசியில் ஒரு நல். "அரிசி & பருப்பு விலை 1962" அப்படியே ஒரு வாதமாகப் போய்ச் சேரும். யாரும் அதைப் பிரித்துப் படிக்க மாட்டார்கள், மேற்கோள் வேண்டாம், 256 பைட் கணக்கும் வேண்டாம். அளவிலும் லாபம்: லினக்ஸில் ஒரு தனி வாதம் வழக்கமாக 128 கேபி-யைத் தாண்டக் கூடாது. சிஸ்டத்தில் கட்டளை முழுவதுமே ஷெல்லுக்கு ஒரே வாதமாகப் போவதால், மொத்தத்துக்கும் அதுதான் எல்லை. வரிசையாகக் கொடுத்தால் அந்த எல்லை ஒவ்வொரு வாதத்துக்கும் தனித்தனி. மொத்தம், ஸ்டாக் வரம்பு வழக்கமான 8 எம்பி என்றால், 2 எம்பி வரை போகலாம். நூற்றுக்கணக்கான நீளமான தமிழ்ப் பாதைகளை பிடிஎஃப்யுனைட்டுக்குக் கொடுக்கும்போது இது உண்மையாகவே உதவுகிறது.

சுதந்திரம் முழுமையானது, அதனால் பொறுப்பும் முழுமையானது. எக்செக் தோற்றால் அது திரும்பி வரும், குழந்தைப் பக்கத்தில். அங்கே உடனே _எக்ஸிட்(127) போடாவிட்டால், குழந்தையும் தன்னைத் தாய் என்றே நினைத்துக்கொண்டு சுற்றைத் தொடரும். அடுத்த பக்கத்துக்குத் தானும் ஒரு ஃபோர்க் செய்யும். டெசராக்ட் நிறுவாத கணினியில் இந்த ஒரு வரி விடுபட்டால் ப்ராசஸ்கள் பெருகுவதைப் பார்த்துக் கைநடுங்கும். முன்னால் அடிக்கோடு உள்ள _எக்ஸிட்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சாதாரண எக்ஸிட், தாயிடமிருந்து நகலாக வந்த அச்சுத் தாங்கலை (இன்னும் வெளியே எழுதப்படாத வரிகள் தேங்கும் பஃபரை) எழுதிக் காலி செய்துவிட்டுப் போகும். தாயும் பின்னால் அதையே காலி செய்யும். பதிவுக் கோப்பில் ஒரே வரி இருமுறை விழும்.

வெயிட்பிட் சிக்னலால் குறுக்கிடப்பட்டுப் பாதியில் திரும்பலாம். பிழை எண்ணைத் தாங்கும் எர்நோ மாறியில் ஈஐஎன்டிஆர் (குறுக்கிடப்பட்டது) என்று இருந்தால் மறுபடி கூப்பிட வேண்டும். குழந்தைச் சாவு சிக்னலைப் புறக்கணிக்கும்படி எங்கேனும் அமைத்திருந்தால், அது சாகும்வரை காத்திருந்துவிட்டு, குழந்தையே இல்லை என்று -1 தரும். முடிவு நிலை காற்றோடு போயிற்று.

நாமே பைப் அமைத்து வெளியீட்டைப் படிக்கும்போது வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முதலில் வெயிட்பிட், பிறகு படித்தல் என்று எழுதியிருந்தேன். டெசராக்ட் வெறும் உரை தரும்வரை பிரச்சினையில்லை. சொல்லுக்குச் சொல் இடக்குறிப்போடு தரும் எச்ஓசிஆர் வடிவத்துக்கு மாற்றியதும், எழுத்து நெருக்கமான பக்கங்களில் மட்டும் நிரல் உறைந்தது. லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 64 கேபி. அது நிரம்பியதும், யாராவது படித்தால்தான் டெசராக்ட் மேலே எழுத முடியும். தாயோ டெசராக்ட் முடிந்தால்தான் படிப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறது. பைப்பை முழுக்கப் படித்து முடித்தபின்தான் வெயிட்பிட். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

இன்னொரு செலவு, ஃபோர்க்கின் எடை. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த ஏ4 வண்ணப் பக்கம் சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 104 எம்பி. பத்துப் பக்கம் நினைவகத்தில் இருந்தால் 1 ஜிபி. ஃபோர்க் அந்த நினைவகத்தை நகலெடுப்பதில்லை, யாராவது எழுதும்போதுதான் நகல் என்பது சரிதான். ஆனால் எந்தப் பக்கம் எங்கே என்று சொல்லும் அட்டவணையை நகலெடுத்தாக வேண்டும். 4 கேபி பக்கங்களாகக் கணக்கிட்டால் 1 ஜிபி-க்கு 2,62,144 பதிவுகள், தலா 8 பைட், ஆக 2 எம்பி அட்டவணை. உடனே எக்செக் செய்து தூக்கியெறியப்போகும் குழந்தைக்காக ஒவ்வொரு முறையும் இது. நினைவக ஒதுக்கீட்டைக் கறாராக வைத்திருக்கும் கணினியில், இன்னொரு 1 ஜிபி-க்கு இடமில்லை என்று சொல்லி ஃபோர்க் தோற்கவும் செய்யும். உங்கள் நிரல் சிறியது என்றால் இதையெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை.

போசிக்ஸ்_ஸ்பான்(): நான் வந்து சேர்ந்த இடம்

ஃபோர்க்கையும் எக்செக்கையும் ஒரே அழைப்பில் அடக்கியது இது. வாதங்கள் வரிசையாகவே போகின்றன, ஷெல் இல்லை. பெயரின் கடைசியில் "பி" சேர்ந்த வடிவம், நிரலைப் பாதைப் பட்டியலில் தானே தேடிக்கொள்ளும். லினக்ஸில் வழக்கமாக உள்ள சி நூலகமான ஜிலிப்சி-யின் 2.24, அதாவது 2016 முதல், இது தாயின் நினைவகத்தையே கடன்வாங்கிக் குழந்தையைத் தொடங்குகிறது; அட்டவணை நகலெடுப்பு இல்லை. இப்போதைய ஜிலிப்சி-யில் சிஸ்டமே உள்ளுக்குள் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறது.

எனக்கு வேகத்தைவிட முக்கியமானது வேறொன்று. நிரல் கிடைக்கவில்லை, ஓட்ட அனுமதி இல்லை என்பது மாதிரி தொடங்கவே முடியாத தவறுகளை ஸ்பான் தன் திருப்பு எண்ணாகவே சொல்லிவிடுகிறது. எர்நோவைப் பார்க்கத் தேவையில்லை, திருப்பும் எண்ணே பிழை எண். பிறகு வெயிட்பிட் தரும் நிலைச்சொல், நிரல் ஓடியபின் என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறது. தொடங்கவே இல்லை, ஓடித் தவறியது, நடுவில் கொல்லப்பட்டது: மூன்று செய்தியும் மூன்று தனி வழியில் வருகின்றன. சிஸ்டம் இவற்றை ஒரே எண்ணுக்குள் குழைத்துத் தருகிறது. ஃபோர்க்-எக்செக்கில் பிரித்தெடுக்கலாம், ஆனால் எக்செக் தவறியதைத் தாய்க்குச் சொல்ல நாமே தனிப் பைப் வைக்க வேண்டும்.

வரிசை ஓட்டத்தில் இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு தவறுக்கும் செய்ய வேண்டியது வேறு. டெசராக்ட் கிடைக்கவே இல்லையென்றால் மிச்சமுள்ள பக்கங்களுக்கும் கிடைக்காது; உடனே மொத்தத்தையும் நிறுத்த வேண்டும். ஒரு பக்கத்தில் 1 தந்தால் அந்தப் பக்கம் மட்டும் கோளாறாக இருக்கலாம். எண்ணைக் குறித்துவைத்து அடுத்ததற்குப் போகலாம். குறுக்கீட்டு சிக்னலால் இறந்தால் பயனர் நிறுத்தச் சொல்கிறார் என்று பொருள். சிக்னல் 9 என்றால் நினைவகம் தீர்ந்து கர்னலே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி உடனே ஓட்டினால் மறுபடி சாகும். அன்பேப்பர் தவறினால் நான் நிறுத்துவதில்லை, துடைக்காத பக்கத்தையே டெசராக்டுக்குக் கொடுக்கிறேன். இவ்வளவு முடிவுகளையும் எடுக்க, என்ன நடந்தது என்பது கலங்காமல் தெரிய வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. குழந்தைக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடுகளை, கோப்பைத் திற, இதை அதில் ஒட்டு, மூடு என்று ஒரு பட்டியலாக முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வேறு அடைவுக்கு மாறுவது ஜிலிப்சி 2.29, அதாவது 2019-இல்தான் சேர்ந்தது. நினைவகத்துக்கோ சிபியு நேரத்துக்கோ வரம்பு வைப்பது, பயனர் அடையாளத்தை முழுமையாக மாற்றுவது போன்றவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை. அப்படி வேண்டுமானால் ஃபோர்க்குக்குத் திரும்பத்தான் வேண்டும். நிரலில் பல த்ரெட்கள் ஓடும்போது, ஃபோர்க்குக்கும் எக்செக்குக்கும் நடுவே மால்லாக் மாதிரி பூட்டு வைத்துக்கொள்ளும் எதையும் தொடக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எந்த வழியானாலும் சில

ஓட்டுவதற்கு முன் எஃப்ஃப்ளஷ், அதாவது தாங்கலில் தேங்கியதை வெளியே தள்ளிவிடுவது. டெர்மினலில் "பக்கம் 12 தொடங்குகிறது" என்ற நம் வரி முதலிலும் டெசராக்டின் செய்தி பிறகும் வரும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் வரிசை தலைகீழாகும். டெர்மினலுக்கு எழுதும்போது வரி முடிந்ததும் வெளியே போகிறது. கோப்புக்கு எழுதும்போது தாங்கல் நிரம்பும்வரை உள்ளேயே கிடக்கிறது. குழந்தை முந்திக்கொள்கிறது.

திறந்த கோப்புகள் குழந்தைக்கும் போகும். ஒரே நேரத்தில் இரண்டு பிரதி ஓடக் கூடாது என்று ஒரு பூட்டுக் கோப்பில் எஃப்லாக் வைத்திருந்தேன். நிரல் நடுவில் செத்தபின் மறுபடி ஓட்டினால், இன்னொரு பிரதி ஓடுவதாகச் சொன்னது. அனாதையாக ஓடிக்கொண்டிருந்த டெசராக்டின் கையில் அந்தப் பூட்டு இருந்தது. கோப்பைத் திறக்கும்போதே ஓ_கிளோஎக்செக் கொடுத்தால் எக்செக் நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். உள்ளீட்டு ஓடையும் அப்படியே பகிரப்படுகிறது. எஃப்எஃப்எம்பெக் போன்ற நிரல்கள் அதைப் படித்துத் தின்றுவிடும். குழந்தையின் உள்ளீட்டை, படித்தால் எதுவும் வராத டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடுவது நல்ல பழக்கம்.

வெயிட்பிட்டுக்கு நேர வரம்பு கிடையாது. எளிய வழி, வாதப் பட்டியலின் தலையில் டைம்அவுட் என்ற நிரலையும் விநாடிக் கணக்கையும் சேர்ப்பது. நேரம் தாண்டினால் 124 வரும். ஆனால் அப்போது டைம்அவுட் நடுவில் வந்து உட்கார்வதால், டெசராக்ட் கிடைக்கவில்லை என்ற செய்தி மறுபடி 127 ஆக மாறும். ஆகவே தொடக்கத்திலேயே ஒருமுறை நேரடியாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். லினக்ஸ் 5.3 முதல் உள்ள பிட்எஃப்டி_ஓப்பன்() அழைப்பையும், நேர வரம்போடு காத்திருக்கும் போல்() அழைப்பையும் சேர்த்து, டைம்அவுட் இல்லாமலும் இதைச் செய்யலாம்.

விண்டோஸில் கிரியேட்ப்ராசஸ், வெயிட்ஃபார்சிங்கிள்ஆப்ஜெக்ட், கெட்எக்ஸிட்கோட்ப்ராசஸ் என்ற மூன்றும் இதே வேலையைச் செய்கின்றன. அங்கே வாதங்கள் வரிசையாகப் போவதில்லை, ஒரே சரமாகத்தான் போகின்றன. ஆகவே மேற்கோள் தொல்லை முழுமையாகத் தீராது.

இப்போது என் நிரலில் சிஸ்டம் ஓரிடத்திலும் இல்லை. மொழிப் பட்டியலுக்கு ஒரே ஒரு பிஓப்பன். மற்ற எல்லாமே ஸ்பானையும் வெயிட்பிட்டையும் சுற்றி எழுதிய ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகின்றன, சுமார் 40 வரி. மேலே சொன்ன மூன்று செய்தியையும் தனித்தனியாகத் திருப்புகிறது. பிடிஎஃப்யுனைட்டின் வெளியீடு மட்டும் நேராக இறுதிப் பெயருக்குப் போவதில்லை. அதே அடைவில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதச் சொல்கிறேன். அது தானாக வெளியேறி, எண் 0 ஆகவும் இருந்தால்தான் ரீநேம்() அதை உரிய பெயருக்கு மாற்றுகிறது. அந்த அடைவில் இறுதிப் பெயரில் ஒரு பிடிஎஃப் இருந்தால், ஒட்டுவேலை முழுதாக முடிந்துதான் அது அங்கே வந்தது.